வாசிகசாலைக் கணினியும் மாமாவின் கிணறுகளும்

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்குச் செல்லும் பேருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, அல்லைப்பிட்டி, வேலணை வழியாக வந்து வாணர் பாலத்தில் ஏறியதும், யன்னலோரத்தில் இருப்பவர்களின் உதட்டில் உப்புச் சுவை தட்டத் தொடங்கும். புங்குடுதீவில் இருந்து திரும்பும் வரைக்கும் அச்சுவை நீங்குவதில்லை. எங்கள் ஊரில் இரும்பு நெடுங்காலம் இரும்பாக இருப்பதில்லை. யன்னற் கம்பி, கிணற்றுக் கப்பி, துவிச்சக்கர வண்டியின் சங்கிலி, படலையின் பிணைச்சல் ஆகிய யாவும் கடற்காற்றுக்குத் தம்மைச் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. இத்தகைய ஊரில் ஒரு கணினி இருபது ஆண்டுகளுக்கு முன் வந்து சேர்ந்தது. சென்ற ஆண்டு விடுமுறையில் அதனை எழுப்ப நான் பட்ட பாடே இக்கட்டுரையின் பொருள்.

அது எங்கள் வாசிகசாலைக்கு 2004இல் பிரான்சிலிருந்து ஊரவர் அனுப்பிய உதவி. 2002 மாசியில் கையெழுத்தான போர்நிறுத்த உடன்படிக்கை நடைமுறையிலிருந்த காலம். வெளிநாடுகளிற் குடியேறியவர்கள் கோடைவிடுமுறைக்கு வந்து, பற்றை மண்டிக் கூரையிழந்து நின்ற தம் வீடுகளைப் படம்பிடித்துக்கொண்டு, பாடசாலைக்கும் கோவிலுக்கும் வாசிகசாலைக்கும் இயன்றதைக் கொடுத்துவிட்டுச் சென்ற காலம். பென்ரியம் நான்கு வகை. நாற்பது கிகாபைற்று வன்தட்டு. நெகிழ்தட்டுச் செருகும் வாய் ஒன்று. இன்று ஒரு கைத்தொலைபேசி இவற்றை எள்ளி நகையாடும். அன்றோ அதைப் பார்ப்பதற்கென்றே சிறுவர்கள் வரிசையில் நின்றனர் என்று அம்மா சொல்லுவார். (கணனியா, கணினியா என்று வாசிகசாலைக்குள் ஒரு விவாதம் எழுந்து, பெயர்ப்பலகையில் 'கணனி' என்றே எழுதப்பட்டது. அப்பலகை இன்றும் தொங்குகின்றது, கணினிதான் ஓடவில்லை.)

சிறுவர்களின் ஆர்வம் தணிந்த பின்பு அவ்வியந்திரத்துக்கு ஒரேயொருவர் மட்டும் உரிமையாளரானார். அவர் என் பெரிய மாமா, அம்மாவின் மூத்த சகோதரர், ஓய்வுபெற்ற ஆசிரியர். 1991இல் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது தாமும் பெயர்ந்து, மக்கள் சிறுகச் சிறுகத் திரும்பத் தொடங்கியபோது தாமும் திரும்பியவர். சு. வில்வரத்தினத்தின் 'காற்றுவழிக் கிராமம்' 1995இல் வெளிவந்த நூல். ஆளற்றுப் போன எங்கள் ஊரைப் பாடியது. அதனை மாமா மேசைமேல் வைத்திருந்தாரேயன்றி விரித்துப் பார்த்ததை நான் கண்டதில்லை. ஆளற்ற ஊரைப் பாட அவருக்குத் தெரியாது, எண்ணத் தெரியும். 2009ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், பின்னேரங்களில் துவிச்சக்கர வண்டியில் வட்டாரம் வட்டாரமாகச் சென்று ஊரின் கிணறுகளைக் கணக்கெடுத்தார். இரவில் வாசிகசாலையிலிருந்து அவற்றைத் தட்டெழுதினார்.

கிணறு எங்கள் ஊரில் வெறும் நீர்நிலை அன்று. ஆறும் மலையுமற்ற தீவில் மழைநீர் நிலத்துள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய படலம்போல மிதந்து நிற்கும். அளவறிந்து அள்ளினால் நன்னீர். ஆசைப்பட்டு இறைத்தால் அடியிலிருந்து உப்பு மேலேறிவிடும். ஆகவே நல்ல தண்ணீர்க் கிணறு ஒரு செல்வம். செல்வம் உள்ள இடத்திலே காவலும் உண்டு; எவர் அள்ளலாம், எவர் அள்ளலாகாது என்ற விதியும் உண்டு. சாதியின் பேரால் இத்தகைய தடை விதிப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. எனினும் 1971இல், எங்கள் ஊர்க் கோவிலின் நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்டவர்களும் அள்ள வேண்டும் என்று மு. தளையசிங்கமும் அவரோடு நின்றோரும் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியதாயிற்று. அவர் அடிபட்டார், 1973இல் மறைந்தார். தமிழ்த்துறை மாணவர்கள் அவரை 'மெய்யுள்' எழுதியவராகவே அறிவர். ஊரிலோ அவர் பெயரைச் சொன்னதும் முதியவர்கள் கிணற்றடியையே நினைப்பர்.

மாமா 2017இல் காலமானார். அவருடைய ஏடு அக்கணினிக்குள் இருந்தது. பிரதி எடுத்துவைக்காதவரல்லர் அவர். இரண்டு நெகிழ்தட்டுகளிற் பதிந்து பிஸ்கற் பெட்டியில் வைத்திருந்தார். நான் திறந்து பார்த்தபோது அவற்றின் காந்தத் தாளில் வெண்பூஞ்சணம் படர்ந்திருந்தது. எஞ்சிய ஒரே பிரதி இயந்திரத்தின் வயிற்றுக்குள். இயந்திரமோ ஆளியை அழுத்தினால் அசைவதாயில்லை.

வாசிகசாலைத் தலைவர் என்னைப் பார்த்து, "உது இனி ஓடாது தம்பி. பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்தால் நாலு காசாவது வரும்" என்றார். ஒரு வாரம் தவணை கேட்டேன். கலைப்பீட மாணவனுக்கு இதில் என்ன தெரியும் என்று அவர் கேட்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. உண்மையில் எனக்கு ஒன்றும் தெரியாது. விஞ்ஞான பீடத்தில் பயிலும் நண்பர் ஒருவரின் தொலைபேசி இலக்கம் மட்டுமே தெரியும்.

அவர் முதலிற் சொன்னது ஒரு கதை. கணினியைத் துவக்குவதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல், சப்பாத்தின் பின்புறத்திலுள்ள வாரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாம். தன் சப்பாத்து வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளுதல் என்பது அங்கே நடவாத செயலுக்கு எடுத்துக்காட்டு. கணினி செய்வதும் அதுவே. ஒரு நிகழ்வொழுங்கை ஏற்றுவதற்கு இன்னொரு நிகழ்வொழுங்கு வேண்டும், அதை ஏற்றுவதற்கு? 1975இல் வந்த அல்தயர் என்னும் கணினியில், முகப்பிலிருந்த சிறு ஆளிகளை ஒவ்வொன்றாக மேலும் கீழும் தட்டி முதற் கட்டளைகளை மனிதனே புகுத்த வேண்டியிருந்தது. பின்னாளில் அம்முதற் கட்டளைகள் தாய்ப்பலகையின் ஒரு சில்லிலே நிலையாக எழுதப்பட்டன. அச்சில்லு விழித்தெழுந்து நினைவகத்தைத் தடவிப் பார்க்கும், விசைப்பலகையைத் தேடும், பின்பு வன்தட்டின் முதற் கூறாகிய 512 பைற்றுகளைப் படிக்கும். அவற்றின் கடைசி இரண்டும் 85, 170 என்னும் எண்களாக இருத்தல் வேண்டும். இரும எண்ணில் எழுதினால் ஒன்றும் சுழியும் மாறிமாறி வரும் ஒரு கோலம் அது. அக்கோலத்தைக் கண்டாலன்றி அத்தட்டிலிருந்து அது எழாது. வாசலில் கோலமுள்ள வீட்டுக்குள் மட்டுமே நுழையும் விருந்தாளி என்று நான் சொன்னேன். நண்பர் சிரித்துவிட்டு, "உவமையைப் பிறகு பார்ப்போம், மின்வழங்கியைப் பார்" என்றார்.

பழுது பார்த்தலின் இலக்கணம் ஒன்றுதான் என்பதை அந்த வாரத்திற் கற்றேன். மின்சாரம் எவ்வழியே செல்கின்றதோ அவ்வழியே தொடர்ந்து சென்று, எவ்விடம் வரைக்கும் உயிர் இருக்கின்றது என்று பார்த்தல். ஒரு முறையில் ஒன்றை மட்டும் மாற்றுதல். சுவரிலுள்ள செருகுதுளையில் மேசை விளக்கைச் செருகினேன், எரிந்தது. கணினியின் கம்பியை மாற்றினேன், பயனில்லை. மின்வழங்கிப் பெட்டியைத் திறக்கலாகாது என்று நண்பர் எச்சரித்திருந்தார். மின்னை அறுத்த பின்பும் அதனுள்ளே ஏற்றம் தங்கியிருக்கும். ஆகவே திறவாமல், தாய்ப்பலகைக்குச் செல்லும் இருபது முனைச் செருகியைக் கழற்றி, அதன் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் வளைத்த தாளூசியால் இணைத்தேன். காற்றாடி சுழன்றது! தூசும் இரண்டு கரப்பான் பூச்சிகளும் வெளியே பறந்தன. இரவற் பல்மானியால் அளந்தபோது மஞ்சளில் பன்னிரண்டு வோல்ற், சிவப்பில் ஐந்து. வழங்கி வாழ்கின்றது, அப்படியாயின் குறை வேறிடத்தில்.

குறை மிக அற்பமான இடத்தில் இருந்தது. முகப்பிலுள்ள அழுத்தாளி. அதனுள்ளே இருந்த சிறு செப்புத் தகடு உப்புக் காற்றில் பச்சை பூத்துக் கிடந்தது. ஆளியிலிருந்து வந்த இரு மெல்லிய கம்பிகளைக் கழற்றிவிட்டு, பலகையில் அவை பொருந்தியிருந்த இரு ஊசிகளைத் திருப்புளியின் நுனியால் ஒரு கணம் தொட்டேன். இயந்திரம் இரைந்தது. எட்டு ஆண்டுகளாக இறந்துவிட்டதென்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது, கதவு மணி பழுதான வீட்டைப் போல உள்ளே இருந்திருக்கின்றது.

ஆனாற் திரை இருண்டே கிடந்தது. பெட்டிக்குள்ளிருந்து நீண்ட ஒலி ஒன்று விட்டு விட்டுக் கேட்டது. அது முறைப்பாடு, பேச வாயில்லாத நிலையில் கணினி எழுப்பும் ஒலிக்குறி. இவ்வகைப் பலகையில் அதன் பொருள் நினைவகம் தென்படவில்லை என்பது. நினைவகத் துண்டைக் கழற்றி, அதன் பொன்முலாம் பூசிய பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பச் செருகினேன். ஒருமுறை குறுகிய ஒலி; திரையில் எழுத்துக்கள்.

அவ்வெழுத்துக்களில் முதலாவது, திகதி தவறு என்பது. தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற மூன்று வோல்ற் மின்கலம் வற்றிப்போனதால் கணினி காலத்தை மறந்துவிட்டிருந்தது. அது காட்டிய நாள் 2003 தை முதலாம் திகதி. அந்த மேசையில் அப்போதும் போர்நிறுத்தம் நடந்துகொண்டிருந்தது, மாமாவுக்கு ஓய்வூதியம் வரத் தொடங்கவில்லை, நான் தவழ்ந்துகொண்டிருந்தேன். கைக்கடிகாரக் கடையிற் புது மின்கலம் வாங்கிவந்து திகதியைத் திருத்தினேன். திருத்துவதற்கு முன் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லவேண்டும்.

அடுத்து, துவக்குதற்குரிய தட்டு இல்லை என்ற செய்தி. வன்தட்டையும் பலகையையும் இணைக்கும் நாற்பது இழை நாடாவின் ஒரு நுனி தளர்ந்திருந்தது. இறுக்கிச் செருகியதும் தட்டு அகப்பட்டது. கோலமும் சரியாயிருந்தது போலும். விண்டோஸ் எக்ஸ்பியின் சின்னம் தோன்றிற்று. வாசிகசாலையில் நின்ற நால்வர் கைதட்டினர். தட்டிய கை ஓயுமுன் திரை உறைந்தது. மறுபடி துவக்கினேன், மறுபடி உறைந்தது. மூன்றாம் முறை தட்டுக்குள்ளிருந்து நகம் வெட்டுவது போன்ற 'டிக், டிக்' என்னும் ஓசை எழுந்தது. பயந்துபோய் ஆளியை அணைத்தேன்.

இவ்விடத்தில் நான் ஒரு பிழை செய்தேன். நண்பர் சோதனையில் இருந்தமையால் அவரைக் கேளாமல், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறி, பட்டினத்திலுள்ள ஒரு திருத்துநரிடம் கொண்டுசென்றேன். அவர் கைதேர்ந்தவர். மூடியைத் திறந்ததும் விரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். செயலியின் அருகே நின்ற உருளை வடிவக் கொள்ளளவிகளில் மூன்று தலை வீங்கி, ஒன்று பழுப்பு நிறமாய்க் கசிந்திருந்தது. இது எங்கள் ஊரின் உப்பு செய்த வேலை அன்று, உலகெங்கும் நேர்ந்தது. 1999 முதல் 2007 வரையிற் செய்யப்பட்ட பெருந்தொகையான கொள்ளளவிகளில் மின்பகுபொருளின் கலவை சரியில்லாமல், நீர் அலுமினியத்தோடு தாக்கமுற்று ஐதரசன் வாயு தோன்றிப் புட்டிகள் வெடித்தன. பேர்பெற்ற நிறுவனங்களின் இயந்திரங்களும் தப்பவில்லை. ஊர்ப் பெருமை பேசும் எனக்கு, எங்கள் கணினி ஓர் உலகளாவிய கொள்ளைநோயால் நோயுற்றது என்பதில் ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டாயிற்று.

"பலகையை விடுவம். ஹாட்டிஸ்க்கை ஃபோர்மற் பண்ணி வேற பலகையில போட்டுத் தாறன். ஓடும்" என்றார் திருத்துநர்.

தலைவருக்குத் தொலைபேசியிற் சொன்னேன். "ஓடினால் போதும் தம்பி, பிள்ளையளுக்கு உதவும். செய்விச்சுக்கொண்டு வாரும்" என்றார். இருவர் சொன்னதும் நியாயமே. அவர்களுக்கு வேண்டியது ஓடும் இயந்திரம். எனக்கு வேண்டியது ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்குள் கிடந்த ஏடு. தட்டை அழித்துப் புதிதாய் எழுதினால் இயந்திரம் எழும். மாமாவின் நான்கு ஆண்டுகள் போய்விடும். நோயாளி பிழைத்தார், ஆனால் எவரையும் அடையாளம் தெரியவில்லை என்பதைப் போன்ற பிழைப்பு அது. நான் கடைக்காரருக்குப் பார்வைக்கூலி கொடுத்துவிட்டுப் பெட்டியைத் திரும்பத் தூக்கினேன். அன்று வாணர் பாலத்தைக் கடக்கையில் பேருந்தின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் நான் பெட்டியை நெஞ்சோடு அணைத்ததைப் பக்கத்தில் இருந்த ஆச்சி கண்டு, "முட்டையோ தம்பி?" என்று கேட்டார்.

சோதனை முடிந்து நண்பர் ஊருக்கு வந்தார். வந்ததும் என்னைக் கடிந்துகொண்டார். ஓசையெழுப்பும் தட்டை மறுபடி மறுபடி சுழற்றுதல் புண்ணைச் சொறிவதற்கு ஒப்பானது என்றார். அவர் செய்தது இது. தட்டை மட்டும் கழற்றி, ஒரு மாற்றியின் வழியே தம் மடிக்கணினியோடு இணைத்தார். கோப்பு எதையும் திறவாமல், டிடிரெஸ்கியூ என்னும் கட்டணமற்ற மென்பொருளால் தட்டு முழுவதையும் முதற் கூறிலிருந்து கடைசிக் கூறு வரை அப்படியே படியெடுத்தார். அம்மென்பொருள் விவேகி. எளிதிற் படிக்கக்கூடியவற்றை முதலில் எடுத்துக்கொண்டு, இடறும் இடங்களைக் குறித்துவைத்துத் தாண்டிச் செல்லும். பின்பு அவ்விடங்களுக்குத் திரும்பி வந்து சிறிது சிறிதாக முயலும். நூலறிவு பெற வேண்டிய முறையும் இதுவே என்று நான் சொல்லவில்லை, நண்பர்தான் சொன்னார். இரவு முழுவதும் ஓடிற்று. நடுச்சாமத்தில் மின்சாரம் நின்றபோது மடிக்கணினியின் மின்கலம் அதைத் தாங்கிற்று, வன்தட்டைத் தாங்கவில்லை. விடியுமுன் மறுபடி தொடங்கினோம், விட்ட இடத்திலிருந்தே. காலையில், சில கூறுகள் நீங்கலாக எல்லாம் வந்து சேர்ந்திருந்தன.

'கிணறு' என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தது. திறந்தோம். திரை நிறைய உரோம எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும்! தட்டு பழுதடைந்து எழுத்துக்கள் சிதறிவிட்டன என்றே எண்ணினேன். சற்றுப் பொறுத்த பின்புதான் விளங்கிற்று. மாமா தட்டெழுதியது பாமினி எழுத்துருவில். அம்முறையிலே கணினிக்குள் தமிழ் என்று ஒன்று இல்லை. உரோம எழுத்துக்களின் எண்களே இருக்கும், அவற்றின் மேல் தமிழ் முகமூடி போர்த்தப்பட்டிருக்கும். தமிழ் என்ற சொல்லே அங்கு நான்கு உரோம எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். முகமூடி இல்லாத கணினியில் அது அப்படியே தெரியும். எங்கள் ஊர் வெறிச்சோடிய அதே 1991இல்தான் ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழ் எழுத்துக்களுக்கென்று தனி எண்கள் வகுக்கப்பட்டன. ஆயினும் ஈழத்து அச்சகங்களும் அலுவலகங்களும் வீடுகளும் அதன் பின்னரும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாமினியிலேயே எழுதின. அவ்வாறு எழுதப்பட்ட எத்தனையோ ஏடுகள் இன்று எவருடைய மேசையறையில் கிடக்கின்றனவோ! எழுத்துருவை நிறுவினோம். புழுதி துடைத்த கண்ணாடிபோல் பக்கம் துலங்கிற்று.

அட்டவணை ஆறு பத்திகளைக் கொண்டது. கிணற்றின் பெயர், காணியின் பெயர், ஆழம், நீரின் சுவை, அள்ளியோர், ஊற்றுவித்துக்கொண்டோர். முதல் நான்கும் நான் எதிர்பார்த்தவை. கடைசி இரண்டையும் எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். எந்தக் கிணற்றில் எக்குடியினர் தம் கையால் அள்ளினர், எக்குடியினர் குடத்தோடு தூர நின்று பிறர் ஊற்றக் காத்திருந்தனர் என்பதை மாமா கிணறு கிணறாக எழுதியிருந்தார். எத்தனை மணிக்கு வந்தனர், எவ்வளவு நேரம் நின்றனர் என்பதும் சிலவற்றுக்கு உண்டு. கேட்டறிந்தவர்களின் வயது உண்டு, பெயர் இல்லை. ஒரு பக்கம் முழுவதும் வெறுமை. அது தட்டின் பழுதடைந்த கூறுகளில் அகப்பட்டுக்கொண்டது.

எங்கள் வளவுக் கிணறும் அதில் இருந்தது. நீர் நன்னீர். ஊற்றுவித்துக்கொண்டோர் என்ற பத்தியில் இரு குடியினரின் பெயர். அதன் கீழ், வேறெந்தக் கிணற்றுக்கும் இல்லாத ஒரு குறிப்பு: "ஊற்றியவன் நான், பத்தாவது வயது முதல். 1971இல் நான் கோவிலடிக்குப் போகவில்லை."

மாமா அவ்வாண்டில் இருபத்தைந்து வயது இளைஞர். ஆசிரியர் நியமனம் பெற்றுச் சில மாதங்கள். ஏன் போகவில்லை என்று அவர் எழுதவில்லை. வேலைக்கு அஞ்சியோ, வீட்டுக்கு அஞ்சியோ, தம் தந்தையின் சொல்லை மீற மாட்டாமலோ. அவரோடு இருபது ஆண்டுகள் பழகியவர்களில் ஒருவரேனும் இவ்வாக்கியத்தை அவர் வாயாற் கேட்டதில்லை.

ஏட்டை அச்சிட்டு வாசிகசாலைக்குக் கொண்டுசென்றேன். தலைவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு மணிநேரம் படித்தார். கிணற்றுப் பெயர்களைக் கண்டு பல இடங்களிற் புன்னகைத்தார். தாம் மறந்துபோன காணிப் பெயரொன்றைக் கண்டதும் வாய்விட்டே படித்தார். கடைசியில், "நல்ல வேலை செய்திருக்கிறார் வாத்தியார். உந்தக் கடைசிப் பத்தியை மட்டும் விட்டிட்டுப் புத்தகமாப் போடலாமே. இப்ப ஆர் உதெல்லாம் பாக்கினம்? வெளிநாட்டுப் பிள்ளையள் வாசிச்சால் என்ன நினைப்பினம்?" என்றார். அவர் தீய மனிதரல்லர். இன்று அவர் வீட்டில் எவரும் எவருக்கும் ஊற்றுவதில்லை. ஆயினும் அப்பத்தி இல்லையேல் அது மாமாவின் ஏடன்று. நீர்வழங்கற் சபையின் பதிவேடு. பத்தியை நீக்குவதாயின் தட்டைப் பட்டினத்துக் கடையிலேயே அழித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றிற்று, அதனைச் சொல்லவில்லை. செயற்குழு கூடட்டும் என்று முடிந்தது. இன்னும் கூடவில்லை. ஒரு முழுப்படியை, 2005 முதல் ஈழத்து ஏடுகளை எண்ணிமப்படுத்திச் சேமித்துவரும் நூலகம் திட்டத்துக்கென உறையிலிட்டு வைத்திருக்கிறேன்.

அனுப்புமுன் அம்மாவிடம் காட்டினேன். எங்கள் கிணற்றின் வரிசையை விரலால் தொட்டு இருமுறை படித்தார். எதுவும் சொல்லாமல் எழுந்து சென்று தேநீர் வைத்துக்கொண்டு வந்தார். பின்பு கேட்டார்:

"அண்ணர் ஊத்தினது உண்மைதான். அவர் படிப்பிக்கப் போனாப் பிறகு நான்தானே ஊத்தினனான். என்ர பேரை ஏன் போடேல்லை?"

அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம் என்றேன்.

"தெரியும். எனக்காக விட்டிருப்பார். நீ எழுது" என்றார் அம்மா.

மாமாவின் குறிப்பின் கீழே, பாமினியில் அன்றி ஒருங்குறியில், அம்மாவின் பெயரையும் அவர் சொன்ன ஆண்டுகளையும் எழுதி, எழுதியவன் இன்னான் என்று என் பெயரையும் இட்டேன்.